நோயாளி ‘வேண்டாம்’ என்றால்...

உயிரைக் காப்பதே வைத்தியரின் முதற் கடமை என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். நீரில் மூழ்குபவனைக் கண்டவர் அவனுடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு கரையில் நிற்பதில்லை. குதித்து இழுத்து வருகிறார். உலகமும் அவரைப் போற்றுகிறது. ஆயின், நோய்ப்படுக்கையில் கிடக்கும் ஒருவர், தெளிந்த அறிவோடும் தளராத குரலோடும், “இந்தச் சிகிச்சை எனக்கு வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள்” என்று கூறுவாராயின், அருகில் நிற்கும் வைத்தியர் செய்யத்தக்கது யாது? பெற்ற தாய் செய்யத்தக்கது யாது? அன்பு ஒரு பக்கம் இழுக்க, மற்றொருவரின் உரிமை மறுபக்கம் இழுக்கும் இவ்விடத்தில் எப்பக்கம் நிற்பது அறமாகும் என்பதை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

வெறுந் தத்துவமாகப் பேசினால் இவ்விடயம் எளிதாகத் தோன்றும். ஆதலின் உண்மையாக வாழ்ந்த ஒரு மனிதரின் வரலாற்றோடு தொடங்குவோம்.

தீயும் வேண்டுகோளும்

1973 ஆம் ஆண்டு யூலை மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டொனால்ட் கவார்ட் என்னும் 25 வயது இளைஞர் தம் தந்தையாருடன் ஒரு காணியைப் பார்வையிடச் சென்றார். அவர் விமானப் படையில் விமானியாகப் பணிபுரிந்தவர். விளையாட்டிலும் துணிகரச் செயல்களிலும் நாட்டமுள்ளவர். அவர்கள் மோட்டார் வண்டியை நிறுத்திய பள்ளத்தில், குழாயொன்றிலிருந்து கசிந்த புரோப்பேன் வாயு தேங்கி நின்றது. அதனை அவர்கள் அறியார். திரும்புவதற்காக வண்டியை இயக்க முயன்றபோது எழுந்த சிறு பொறி அவ்விடம் முழுவதையும் தீப்பிழம்பாக்கிற்று. தந்தையார் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியிலேயே உயிர் நீத்தார். மகனுடைய உடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெந்துபோயிற்று.

ஓலம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் ஒரு கமக்காரர். அவரிடம் அந்த இளைஞர் கேட்டது தண்ணீரன்று, ஒரு துப்பாக்கி. தாம் பிழைக்கப்போவதில்லை என்றும், வேதனையோடு கிடப்பதைவிட அக்கணமே இறப்பது மேல் என்றும் அவர் எண்ணினார். கமக்காரர் மறுத்துவிட்டார். அவ்விடத்தில் நின்றால் நாமும் மறுத்திருப்போம் அன்றோ?

பின்னர்த் தொடங்கியது நீண்ட சிகிச்சை. கண்கள் இரண்டும் பார்வையை இழந்தன. கைவிரல்கள் வெட்டி அகற்றப்பட்டன. புண்களில் கிருமி தொற்றாதிருக்க, நாள்தோறும் கட்டுக்களை அவிழ்த்து, மருந்து கலந்த நீர்த் தொட்டியில் உடலை இறக்கிக் கழுவினர். தோலற்ற சதையில் மருந்துநீர் படும்போது எழும் வேதனையைச் சொல்லி விளக்க முடியாது. அந்நாளில் நோவைத் தணிக்க அவருக்குக் கொடுக்கப்பட்ட மருந்தோ போதியதாய் இருக்கவில்லை. “நிறுத்துங்கள், வீட்டுக்குச் சென்று இறக்க விடுங்கள்” என்று மீண்டும் மீண்டும் அவர் வேண்டினார். சிகிச்சை நிற்கவில்லை. அவருடைய சம்மதம் இல்லாத இடத்தில் தாயாரின் கையொப்பம் பெறப்பட்டது. இவ்வாறு ஓராண்டுக்கு மேலாக அவர் வைத்தியசாலைகளில் இருந்தார்.

வைத்தியர்களைக் கொடியவர் என்று கூறுவது நியாயமாகாது. அவர்கள் முன் கிடந்தவர் இளைஞர், முயன்றால் காப்பாற்றக்கூடியவர். “இன்று பேசுவது வேதனை, நாளை பேசப்போவதே மனிதன்” என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். தீப்புண் பட்டோர் பலர் தொடக்கத்தில் இறக்க விரும்பிப் பின்னர் மனம் மாறுவது அவர்கள் கண்ட அனுபவம். தாயாரோ அதே தீயில் கணவரை இழந்தவர்; ஆழ்ந்த சமயப்பற்று உள்ளவர். எஞ்சிய மகனையும் சாவின் கையில் கொடுக்கும் தாளில் எந்தத் தாயின் கை எழுதும்?

1974 ஆம் ஆண்டில் ரொபேட் வைட் என்னும் உளநோய் வைத்தியரை அழைத்து, இந்நோயாளியின் மனநிலையைப் பரிசோதிக்குமாறு கேட்டனர். அறிவு கலங்கியவர் என்று தெரிந்தால், அவர் மறுப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால், உரையாடிப் பார்த்த வைட் கண்டது வேறு. அறிவு கலங்கவில்லை, தமக்கு நேர்ந்ததையும் நேரப்போவதையும் நோயாளி நன்கு உணர்ந்தே பேசுகிறார் என்பதே அவர் முடிவு. அந்த உரையாடலை அவர் படமாகவும் பதிவு செய்தார். ‘என்னை இறக்க விடுங்கள்’ என்று பொருள்படும் தலைப்புடைய அப்படம், பிற்காலத்தில் வைத்திய மாணவர்கள் பலருக்குக் காட்டப்பட்டு, அவர்களுடைய நித்திரையைக் கெடுத்தது.

பிழைத்தவரின் பதில்

கவார்ட் இறக்கவில்லை. வீடு திரும்பிய பின்னரும் இருண்ட ஆண்டுகள் சில கழிந்தன. வாழ்வே வேண்டாம் என்று அவர் துணிந்த நாட்களும் அவற்றுள் உண்டு. ஆயின் மெல்ல மெல்ல எழுந்தார். டாக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார். பார்வையில்லாமலே சட்டம் பயின்று 1986 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றுச் சட்டத்தரணியானார். இல்லறமும் கண்டார். சபைகளில் பேசினார். 2019 ஆம் ஆண்டில், தமது 71 ஆம் வயதில் காலமானார்.

இக்கட்டத்தில் வாசகர்களிற் பலர் நிம்மதிப் பெருமூச்சு விடுவர். “பார்த்தீர்களா? வைத்தியர்கள் செய்ததே சரி. அன்று அவர் சொல்லைக் கேட்டிருந்தால் இத்தனை ஆண்டு வாழ்வும் வீணாகியிருக்குமே!” என்பர்.

அவரிடமே இக்கேள்வி பலமுறை கேட்கப்பட்டது. தாம் மகிழ்ச்சியோடு வாழ்வதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. ஆயினும், தம் விருப்பத்துக்கு மாறாகத் தம்மைக் கட்டாயப்படுத்திச் சிகிச்சை செய்தது பிழையே என்று இறுதிவரை சாதித்தார். அதே நிலை மீண்டும் வந்தாலும், முடிவு செய்யும் உரிமையைத் தாம் கேட்கவே செய்வார் என்றார். வாழ்வு இனியதாய் அமைந்தது ஒரு விடயம். அதற்கு இட்டுச்சென்ற வழி நியாயமானதா என்பது மற்றொரு விடயம் என்பதே அவர் கூறியதன் சாரம்.

இது விசித்திரமான பிடிவாதம்போலத் தோன்றலாம். நம் இல்லங்களுக்குப் பழக்கமான ஓர் உவமையால் அதனை விளங்கிக்கொள்ளலாம். ஒரு பெண் வேண்டாம் என்று அழுதும் கேளாமல், பெற்றோர் கட்டாயப்படுத்தி ஒருவருக்கு மணமுடித்து வைக்கின்றனர் என்க. காலம் செல்ல அவள் அக்கணவரோடு மனம் ஒன்றி, மக்களைப் பெற்று, நன்றாகவே வாழ்கிறாள். அதனால் அன்றைய கட்டாயம் நியாயமாகிவிடுமா? பெற்றோர் செய்தது சரியென்று நாம் சொல்வோமா? அவள் நன்றாக வாழ்வது அவளுடைய பெருமை, கட்டாயத்தின் பெருமையன்று. கவார்டின் வாழ்வும் அத்தகையதே. விளைவு நன்றாயினமையால் வழி நன்றாகிவிடாது. இந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டால், இவ்விடயத்தின் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

சட்டம் வந்த வழி

வைத்தியர் சொல்வதை நோயாளி கேட்டு நடப்பதே முறை என்பது நெடுங்காலமாக உலகெங்கும் நிலவிய எண்ணம். அதனை அசைத்த வழக்குகளுள் ஒன்று அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் எழுந்தது. 1908 ஆம் ஆண்டில், வயிற்றிலுள்ள கட்டியொன்றை மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதிப்பதற்கு மட்டுமே சம்மதித்ததாகவும், சத்திரசிகிச்சை வேண்டாம் என்று கூறியும் தாம் மயங்கியிருந்த வேளையில் கட்டி அகற்றப்பட்டதாகவும் மேரி ஷ்லோண்டோர்ப் என்னும் அம்மையார் முறையிட்டார். 1914 ஆம் ஆண்டில் தீர்ப்பெழுதிய நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, சித்த சுவாதீனமுள்ள வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தம் உடலில் யாது செய்யப்படலாம் என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்ற விதியை நிலைநாட்டினார். தரும வைத்தியசாலை என்ற காரணத்தால் அம்மையார் அவ்வழக்கில் தோற்றார் என்பது வேறு கதை. வழக்குத் தோற்றது, விதியோ வென்று உலகெங்கும் பரவிற்று.

ஆயின் ‘சித்த சுவாதீனம்’ என்பதை எப்படி அளப்பது? இதற்கு விடை தந்தது 1993 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு. பெயர் வெளியிடப்படாமல் ‘சீ’ என்ற எழுத்தால் மட்டும் குறிக்கப்படும் அம்மனிதருக்கு வயது 68. கடுமையான உளநோய் காரணமாக, பாதுகாப்புமிக்க புறோட்மூர் வைத்தியசாலையில் வைக்கப்பட்டிருந்தார். தாம் உலகப் புகழ்பெற்ற வைத்தியர் என்பது அவருடைய மயக்கங்களுள் ஒன்று. அவர் காலில் அழுகல் நோய் கண்டது. முழங்காலுக்குக் கீழே காலை வெட்டாவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் 15 மட்டுமே என்றார் சத்திரவைத்தியர். நோயாளியோ, ஒரு காலோடு வாழ்வதைவிட இரண்டு காலோடு இறப்பதே மேல் என்று மறுத்துவிட்டார். காலை வெட்டாமலே செய்த சிகிச்சையால் உடனடி ஆபத்து நீங்கிற்று. ஆயினும் பின்னொருநாள் தம் சம்மதமின்றிக் காலை எடுத்துவிடலாகாது என்று அவர் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடினார்.

நீதிபதி தோர்ப் மூன்று கேள்விகளை எழுப்பினார். சிகிச்சை பற்றிச் சொல்லப்பட்டதை இவர் விளங்கி மனத்தில் இருத்திக்கொள்கிறாரா? அதனை நம்புகிறாரா? நன்மை தீமைகளைச் சீர்தூக்கி முடிவுக்கு வருகிறாரா? உளநோயாளியாயினும், தம் கால் பற்றிய இவ்விடயத்தில் மூன்றையும் அவர் செய்கிறார் என்று கண்டு, அவர் பக்கமே தீர்ப்பளித்தார்.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கவார்டின் மறுப்பு மதிக்கப்படவில்லை, அவர் பிழைத்தார். சீயின் மறுப்பு மதிக்கப்பட்டது. அவரும் அந்த ஆபத்தைத் தாண்டினார். பிழைப்பதும் இறப்பதும் இங்கே அளவுகோல் அல்ல. முடிவு எவருடையது என்பதே அளவுகோல். இங்கிலாந்தில் 2005 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் ஒரு படி தெளிவாக, ஒருவருடைய முடிவு பிறர் கண்ணுக்கு அறிவீனமாகத் தோன்றுவதால் மட்டும் அவர் தீர்மானிக்கும் ஆற்றலற்றவர் ஆகிவிடார் என்று விதித்தது. அயலிலுள்ள இந்தியாவிலும், தேறும் வாய்ப்பற்ற நிலையில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏற்றுக்கொண்டனர்.

மதிப்பது கைவிடுவது அன்று

“அப்படியாயின், நோயாளி ‘வேண்டாம்’ என்றவுடன் வைத்தியர் கையைக் கழுவிவிட்டுப் போகலாமா?” என்று கேட்பவர் உண்டு. கூடாது என்பதே நம் பதில். மறுப்பை மதிப்பது வேறு. மறுத்தவரைக் கைவிடுவது வேறு.

‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குள் பல சொற்கள் மறைந்திருக்கும். நோவு தாங்க முடியவில்லை என்பது அச்சொல்லாக வெளிவரலாம். நோவைத் தணித்தால் சொல்லும் மாறலாம். சத்திரசிகிச்சை பற்றிய வீண் அச்சம் அப்படிப் பேசலாம். பொறுமையாக விளக்கினால் அச்சம் அகலலாம். “பிள்ளைகளுக்குச் செலவும் சுமையும் ஆகிவிடுவேன்” என்ற கவலை அந்த உருவில் வரலாம். பிள்ளைகள் அருகில் அமர்ந்து கையைப் பற்றிக்கொண்டால் கவலை கரையலாம். மனச்சோர்வு என்னும் நோயே நாவில் இருந்து பேசலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. இவற்றையெல்லாம் ஆராயாமல் “அவர் வேண்டாம் என்றார், விட்டுவிட்டோம்” என்பது மதிப்பாகாது, அலட்சியமாகும். கவார்டுக்கு இழைக்கப்பட்ட பிழைகள் இரண்டு என்று நாம் கருதுகிறோம்: அவர் சொல்லைக் கேளாதது ஒன்று, அவர் நோவைப் போதிய அளவு தணிக்காதது மற்றொன்று.

இவற்றையெல்லாம் செய்த பின்னரும், தெளிந்த மனத்தோடு அவர் “வேண்டாம்” என்பாராயின், அப்பொழுது அச்சொல்லுக்குத் தலைவணங்க வேண்டியதே. இது எளிதன்று. இங்கிலாந்தில், கழுத்துக்குக் கீழ் உடல் முழுவதும் செயலிழந்து, சுவாச இயந்திரத்தால் உயிர் தரித்திருந்த ஓர் அம்மையார், அந்த இயந்திரத்தை நிறுத்தும்படி கேட்டார். அவரை அன்போடு பராமரித்து வந்த வைத்தியர்களால் அதனைச் செய்ய மனம் ஒருப்படவில்லை. 2002 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லொஸ் அம்மையார் நோயாளியின் பக்கம் தீர்ப்பளித்து, அவர் விருப்பத்துக்கு மாறாகச் சிகிச்சை தொடர்ந்தமைக்கு அடையாளமாக 100 பவுண் நட்டஈடும் விதித்தார். மனம் ஒவ்வாத வைத்தியரைக் கட்டாயப்படுத்தாமல், நோயாளியை வேறொரு வைத்தியசாலைக்கு மாற்றினர். அடுத்த மாதம் அவர் நித்திரையிலேயே அமைதியாக இறந்தார். நோயாளியின் உரிமையும் வைத்தியரின் மனச்சாட்சியும் ஒருங்கே காக்கப்படலாம் என்பதற்கு இது சான்று.

எல்லைகளும் உண்டு. தாமே முடிவெடுக்கும் பருவமடையாத சிறு குழந்தைக்கு இரத்தம் ஏற்ற வேண்டாம் என்று பெற்றோர் சமயக் கொள்கையின் பேரில் மறுத்தபோது, நீதிமன்றங்கள் தலையிட்டுக் குழந்தையைக் காத்திருக்கின்றன. தன் உயிரைத் தன் கொள்கைக்காக ஒருவர் கொடுக்கலாம். பிள்ளையின் உயிரைக் கொடுக்க அவருக்கு உரிமையில்லை. உணர்விழந்து கொண்டுவரப்பட்டவர் முன்னரே தம் மறுப்பைத் தெரிவித்திராவிடின், அவரைக் காப்பாற்றவே முயல வேண்டும். சிகிச்சையை மறுப்பதும், உயிரைப் போக்கும் மருந்தைக் கேட்பதும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. முன்னது, தன் உடலைத் தொடாதிருக்கக் கேட்பது. பின்னது, பிறர் கையை ஒரு செயலுக்கு வேண்டுவது. பின்னதைப் பற்றிய வாதம் வேறு.

நம் இல்லங்களில்

நீதிமன்றங்களையும் மேனாட்டு வழக்குகளையும் விட்டு, இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். வயது முதிர்ந்த ஒருவருக்குக் கடும் நோய் கண்டால் பல வீடுகளில் நடப்பது யாது? வைத்தியர் மூத்த மகனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் பேசுகிறார். மகன் தம்பியோடும் தங்கையோடும் ஆலோசிக்கிறார். மாமனாரும் சித்தப்பாவும் கருத்துக் கூறுகின்றனர். படுத்திருப்பவருக்கோ, “ஒன்றுமில்லை ஐயா, சுகமாகிவிடும்” என்பதே கிடைக்கும் செய்தி. அன்பினால்தான் அவ்வாறு செய்கிறோம். ஆயினும், அறுபது ஆண்டுகள் குடும்பத்துக்காக முடிவுகள் எடுத்த ஒருவருக்கு, அவருடைய கடைசிப் பெரிய முடிவில் மட்டும் இடமில்லாமற் செய்கிறோம்.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர். அவ்வரிசையில் நோயுற்றவரையே அவர் முதலில் வைத்தமை நம் சிந்தனைக்குரியது. நாமோ அவரைக் கடைசியில் வைத்துப் பழகிவிட்டோம்.

ஆதலின், நோய் வந்து நா எழாத நாள்வரை காத்திராமல், சுகமாயிருக்கும் காலத்திலேயே பெற்றோரிடம் இவை பற்றிப் பேசுதல் நன்று. “அப்பா, அப்படி ஒரு நிலை வந்தால் உங்களுக்கு எது விருப்பம்?” என்று கேட்பது அமங்கலமன்று; அது மரியாதையின் உயர்ந்த வடிவம். “எல்லாச் சிகிச்சையும் செய்யுங்கள்” என்று அவர் சொல்லக்கூடும். “இயந்திரங்கள் வேண்டாம், வீட்டிலே என் கட்டிலிலே இருக்க விடுங்கள்” என்றும் சொல்லக்கூடும். எதனைச் சொன்னாலும் அது அவருடைய சொல். மருத்துவம் பயிலப்போகும் மாணவ மாணவியரும் இதனை இப்போதே மனத்திற் பதித்துக்கொள்வாராக: நோயைப் பற்றி அதிகம் அறிந்தவர் வைத்தியராக இருக்கலாம், அந்த வாழ்வைப் பற்றி அதிகம் அறிந்தவர் நோயாளியே.

கவார்டின் தாயார் இட்ட கையொப்பத்தை நாம் பழிக்கமாட்டோம். அந்தப் பேனா நம் கையில் தரப்பட்டிருந்தால், நாமும் இட்டிருக்கக்கூடும். ஆனால் இட்ட பின், மகனுடைய கட்டிலருகே சென்று, “உன் சொல்லைக் கேட்டேன், அதற்கு மாறாகச் செய்தேன்” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நம்மால் முடியுமா? அக்கேள்வியைக் கையொப்பமிடும் முன்னரே நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாயின், நோயாளியின் மறுப்பைச் செவிமடுக்கும் பொறுமை நமக்குத் தானே வரும்.